அமிர்தகழியில் இருந்து உகந்தை வரை

இன்று காலை ஆறே கால் மணிபோல பாணமை என்ற ஊரைத் தாண்டினேன். கால் இருந்தது மட்டக்களப்பு அமிர்தகழியில், எங்கள் வீட்டு முன்னறையில், ட்ரெட்மில்லின் கறுப்புப் பட்டையில்தான். ஆனால் கொப்பியில் பாணமைக்கு நேரே சிவப்புப் பேனையால் சரி போட்டாகிவிட்டது. பக்கத்துக் கதிரையில் இருந்த இவர், என் கணவர், "இனி எனக்குப் பாதை தெரியாது டீச்சர்" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று விளங்க வேண்டுமானால் மார்கழியில் இருந்து தொடங்க வேண்டும்.

எனக்கு 61 வயது. 33 வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஐந்து வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் டொக்டர் ஒவ்வொரு முறையும் நடக்கச் சொல்வார்: நாளுக்கு அரை மணி, கிழமைக்கு ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் கணக்கும் அதுதான், கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம். மாமாங்கத் தீர்த்தக் குளத்தடியில் நான் ஒழுங்காக நடந்துகொண்டுதான் இருந்தேன். போன மாரியில் ஒழுங்கையில் தண்ணீர் நின்ற ஒரு காலை, பாசியில் வழுக்கி விழுந்து வலது முழங்கால் வீங்கிவிட்டது. வீக்கம் வற்றிய பிறகும் ஈர நிலத்தில் கால் வைக்கப் பயம். எங்கள் பக்கத்தில் மழை கார்த்திகையில் பிடித்தால் தை வரைக்கும் இழுக்கும். மழை விட்டால் வெயில். வைகாசி பிறந்தால் கச்சான் காற்று. காலை எட்டு மணிக்கே முகத்தில் அனல் அடிக்கும். நல்ல மாதங்களை எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல் போதும்.

தங்கச்சியின் மகன் கனடாவுக்குப் போகும்போது தன்னுடைய ட்ரெட்மில்லை எங்கள் வீட்டில் விட்டுப் போயிருந்தான். அதன் மேல் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். மார்கழி முதல் கிழமையில் உடுப்புகளை எடுத்துவிட்டு ஏறினேன்.

முதல் இரண்டு கிழமையும் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. கால் வலித்ததால் இல்லை. முன்னால் சுவர், சுவரில் கலண்டர், கலண்டருக்குக் கீழே அந்தச் சிவப்பு எண்கள். நாலு நிமிடம் பன்னிரண்டு செக்கன். நல்ல நேரம் போயிருக்கும் என்று நினைத்து மறுபடி பார்த்தால் நாலு நிமிடம் நாற்பது. குளத்தடியில் அரை மணி என்பது ஒன்றுமே இல்லை. பூ விற்கும் அக்கா, தேரடியில் படுத்திருக்கும் மாடு, இன்றைக்குத் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பது, அவ்வளவில் நேரம் போய்விடும். அறைக்குள் அதே அரை மணி இரண்டு பாடவேளை போல நீண்டது.

டீவியை முன்னால் வைத்துப் பார்த்தேன். நடக்கும்போது கண் திரையில் நிற்கவில்லை, கழுத்துதான் பிடித்துக்கொண்டது. போனில் கதை கேட்டேன். நல்ல கதையாக இருந்தால் நடையை மறந்து மெதுவாகிவிடுவேன், பட்டை என்னைப் பின்னால் கொண்டுபோய்விடும். எண்கள் தெரியாமல் ஒரு துவாயைப் போட்டு மூடினேன். அது கொஞ்சம் உதவியது. ஆனால் அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புச் சாவியையும் துவாய் மறைத்துவிடும் என்று இவர் சண்டை பிடித்து எடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி.

வழி எனக்குக் கிடைத்தது ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில். இதயம் எப்படி இருக்கிறது என்று பார்க்க டொக்டர் ஒரு பரிசோதனைக்கு அனுப்பினார். நெஞ்சில் வயர்களை ஒட்டி ட்ரெட்மில்லில் நடக்க விடுவார்களே, அது. அமெரிக்க இதய மருத்துவர் ரொபர்ட் புரூஸ் என்பவர் 1963இல் வகுத்துக் கொடுத்த முறை அது. மணிக்கு 2.7 கிலோமீற்றர் வேகம், 10 சதவீத ஏற்றம் என்று தொடங்கும். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடும்: 4 கிலோமீற்றர், 12 சதவீதம், பிறகு 5.5 கிலோமீற்றர், 14 சதவீதம். மூன்றாவது கட்டத்தில் எனக்கு மூச்சு வாங்கி நிறுத்தச் சொல்லிவிட்டேன். வயர்களைக் கழற்றும்வரை படுத்திருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. வீட்டில் நாலு நிமிடம் போகமாட்டேன் என்று நிற்கும். இங்கே எட்டு நிமிடம் போனதே தெரியவில்லை. அடுத்தது என்ன வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அதுதான் வித்தியாசம். வீட்டுப் பட்டையில் அடுத்தது என்று ஒன்று வருவதே இல்லை.

இந்த இயந்திரத்தின் பழைய கதையை எனக்குச் சொன்னவள் என்னிடம் படித்து இப்போது எஞ்சினியராக இருக்கும் ஒரு பிள்ளை. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் சிறைக் கைதிகளுக்காகச் செய்த மிதிசக்கரம்தான் இதற்கு மூத்தது. படிப்படியாக வைத்த பெரிய உருளை. கைதிகள் வரிசையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக ஏறுவார்கள், ஓர் அடி உயர மாட்டார்கள். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது. சிலவற்றில் ஒன்றுமே அரைக்காமல் சும்மா சுற்றியது. அதைக் கேட்ட அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. எங்கும் போய்ச் சேராமல் நடக்க வைப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்தக் காலத்து ஆட்களுக்கே தெரிந்திருக்கிறது. அப்படியானால் நான் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும்.

எங்கே என்பதில் எனக்கு யோசனையே வரவில்லை. கதிர்காமம்தான். 1981இல், 17 வயதில், அம்மம்மாவோடு பாதயாத்திரையாக நடந்து போனேன். பிறகு நாட்டு நிலைமை, வேலை, பிள்ளைகள், இப்போது முழங்கால். திரும்பவும் நடக்கக் கிடைக்கவில்லை. ஒரு நூறு பக்கக் கொப்பி எடுத்து, மட்டக்களப்பில் இருந்து தெற்கே போகும் வீதியில் உள்ள ஊர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே தூரத்தைக் குறிக்கத் தொடங்கினேன்.

இவர் எட்டிப் பார்த்தார். "இது பிழை. களுதாவளைக்கு முந்தி தேற்றாத்தீவு வரும்" என்றார்.

இவர் 28 வருடம் பஸ் ஓட்டியவர், அதிகமும் மட்டக்களப்பு – பொத்துவில் பாதையில். அந்த வீதியை அவர் மனதில் இருந்தே சொல்வார். எந்த வளைவில் ஹோர்ன் அடிக்க வேண்டும், எந்தப் பாலத்தில் மாரியில் தண்ணீர் ஏறும், எந்த மதகடியில் எருமைகள் குறுக்கே படுக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த வீதி கொழும்பில் தொடங்கி மட்டக்களப்பில் முடியும் ஏ4 நெடுஞ்சாலைதான், ஏறத்தாழ 430 கிலோமீற்றர். கிலோமீற்றர் கட்டைகள் கொழும்பில் இருந்து எண்ணப்படுவதால், எங்கள் பக்கமிருந்து நடப்பவளுக்கு எண்கள் குறைந்துகொண்டே போகும் என்பதையும் அவர்தான் சொன்னார். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பட்டையில் எண் கூடும்போது என் வீதியில் எண் குறைகிறது.

அடுத்த நாள் காலை தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்றில் இருந்து ஆறு மாதமாக இதுதான் நடக்கிறது. நான் நடப்பேன், அவர் பாதையைச் சொல்வார்.

முதல் இரண்டு நாளும் டவுன், சொல்ல அதிகம் இல்லை. மூன்றாம் நாள் கல்லடிப் பாலம். வாவியின் மேலே பாலம் உயரும் என்று ஏற்றத்தை 3இல் வைத்தேன். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. 2013இல் புதியது வரும்வரை இவர் பஸ்ஸை அந்த ஒற்றைப் பாதையில்தான் கொண்டுபோனார். எதிரே வாகனம் வந்தால் இந்தக் கரையிலேயே காத்து நிற்க வேண்டும். "நீ இப்ப நடுப்பாலத்தில் நிற்கிறாய். காத்து இடப்பக்கத்தால அடிக்கும்" என்பார். மின்விசிறியை இடப்பக்கம் திருப்பி வைத்தார். சிரிப்பாக இருந்தாலும், அந்த அரை மணி முழுக்க நான் ஒரு தரம்கூட எண்களைப் பார்க்கவில்லை.

கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிறது. 1947இல் மறைந்தவர். அவர் 1892இல் பிறந்தது காரைதீவில், அதே வீதியில், தெற்கே. நான் சமாதியைக் கடந்து காரைதீவு போய்ச் சேர நாலு கிழமைக்கு மேல் எடுத்தது. பஸ்ஸில் எத்தனை தரம் அந்த இரண்டு ஊரையும் கடந்திருப்பேன், இரண்டையும் சேர்த்து ஒருநாளும் நினைத்ததில்லை. நடந்தபோதுதான் அப்படி நினைக்க நேரம் கிடைத்தது.

வேகம் அப்போது மணிக்கு 4 கிலோமீற்றர். அரை மணிக்கு 2, கிழமைக்கு 10. காத்தான்குடியைக் கடந்தேன். ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம். தேற்றாத்தீவு என்று கொப்பியைத் திருத்தி, களுதாவளைக்கு வந்த அன்று இவர் சந்தைக்குப் போய் அந்த ஊர் வெற்றிலை வாங்கி வந்து மேசையில் வைத்திருந்தார். அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஓர் ஊர் வந்தால் அந்த ஊரோடு சேர்ந்த ஏதாவது ஒன்று வீட்டுக்கு வரும். மருதமுனைக்கு ஒரு கைத்தறிச் சாரம், தனக்குத்தான் வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டு மச்சாள் வேலியால் எட்டிப் பார்த்துக் கேட்பாள்: "என்னகா, களுவாஞ்சிகுடி போய்ச் சேர்ந்திட்டீங்களா? மறுகா எங்க?" அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றே மழைக்காலத்தில் சில நாள் ஏறியிருக்கிறேன்.

பாண்டிருப்பில் இருந்து காரைதீவு வரைக்கும் நாங்கள் பேசவில்லை. 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் வந்து அள்ளிக்கொண்டு போன கரை அது. என்னிடம் படித்த பிள்ளைகள், இவருடைய பஸ்ஸில் தினமும் ஏறிய சனம். கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு. அந்த நாட்களில் பாட்டும் போடவில்லை. பட்டையின் சத்தம் மட்டும்.

பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா கூத்துக்கு மத்தளம் அடித்தவர். வடமோடி, தென்மோடி இரண்டுக்கும் அடிப்பார், ஆனால் மனம் வடமோடியில்தான். அவர் அடித்ததை 80களில் அண்ணா சின்ன டேப் ரெக்கோடரில் பிடித்து வைத்திருந்தார். இரண்டு கசற் மிஞ்சியது. அதைப் பேரன் போனுக்கு மாற்றித் தந்தான். நடைக்கு ஏற்ற தாளம் எது என்று கணக்குப் பார்த்தேன். நிமிடத்துக்கு 100 காலடி என்பது பெரியவர்களுக்கு மிதமான வேக நடை என்று பொதுவாகச் சொல்லும் அளவு. கடிகாரத்தை வைத்து அப்பாவின் அடியை எண்ணினேன். கூத்துக் களரிக்குள் ஓர் ஆள் வரும்போது அடிக்கும் வரவுத் தாளம் ஒன்று நிமிடத்துக்கு 104 வந்தது. அதைப் போட்டால் கால் தானாகவே அந்த வேகத்துக்கு வந்துவிடும், 4.3இல் பட்டையை வைத்தால் ஒரு பிசகும் இல்லை. முன்பு சினிமாப் பாட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறேன். தாளம் ஓரிடம், கால் ஓரிடம் என்று போய் அதுவே களைப்பாக்கும். நடக்கப் பாட்டுப் போடுபவர்கள் முதலில் அடியை எண்ணிப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள், பாட்டு பிடித்ததாக இருந்தால் மட்டும் போதாது.

வேகம் போதுமா என்று பார்க்க ஒரு லேசான வழியும் உண்டு. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. இவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வேன். பிறகு அப்பாவின் பாட்டில் இரண்டு அடி பாடிப் பார்ப்பேன். இரண்டாம் அடியில் மூச்சு அறுந்தால் வேகம் சரி. முழுப் பாட்டும் பாடி முடித்தால் 0.2 கூட்டுவேன். வாய் திறந்து பேசவே முடியாவிட்டால் குறைக்க வேண்டும், நெஞ்சுக்குள் ஏதும் செய்தால் உடனே நிறுத்த வேண்டும்.

ஏற்றத்தை நான் நெடுநாள் தொடாமல் இருந்தேன். மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவளுக்கு மேடு என்றால் என்னவென்றே தெரியாது. பாலத்தை விட்டால் எல்லாம் சமதரை. ஆனால் கொப்பியில் பத்துக் கிழமை ஒரே மட்டமாகப் போனதும் பழைய சலிப்பு லேசாகத் தலை நீட்டியது. அப்போதுதான் கணக்கு கைகொடுத்தது. ஏற்றம் 5 என்றால் நூறு மீற்றர் போக ஐந்து மீற்றர் உயர்கிறோம். (சரியாகப் பார்த்தால் அது கிடைத்தூரத்துக்கான விகிதம், பட்டை காட்டுவது சரிவின் நீளம். 5 சதவீதத்தில் அந்த வித்தியாசம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது. வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்க இப்படி ஓர் உதாரணம் எனக்குக் கிடைக்காமல் போனதே என்று கவலையாக இருக்கிறது.) எங்கள் மாவட்டத்துக் குடும்பிமலை 500 மீற்றருக்குச் சற்று மேல். அப்படியானால் ஏற்றம் 5இல் 10 கிலோமீற்றர் நடந்தால் ஏறக்குறைய உச்சி. பிதுருதலாகலை 2,524 மீற்றர். அதற்கு 50 கிலோமீற்றர்.

கொப்பியின் பின்பக்கத்தில் மலைக் கணக்கு தொடங்கினேன். செவ்வாயும் வெள்ளியும் மலை, மற்ற நாள் வீதி. மலை நாளில் முதல் ஐந்து நிமிடம் சமதரை, பிறகு அந்தப் பரிசோதனையில் பழகியபடி மூன்று நிமிடத்துக்கு ஒரு மாற்றம்: 2, 4, 5, 3, 5, 2. வேகம் 3.5க்கு மேல் போவதில்லை. கடைசி ஐந்து நிமிடம் திரும்பவும் சமதரை. ஒரு மலை நாளில் ஏறக்குறைய 36 மீற்றர் உயரும். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறினால் அந்த உயரம் பொய்; உடம்பின் பாரத்தைக் கைதான் தாங்கும். விரல் நுனி தொட்டால் போதும். முழங்கால் நொந்தால் ஏற்றத்தைக் குறைக்கிறேன், அன்றைய மீற்றரைக் குறைத்தே எழுதுகிறேன். கொப்பியில் பொய் எழுதினால் போய்ச் சேர்ந்த ஊரும் பொய்யாகிவிடும்.

இயந்திரத்தைப் பற்றியும் கொஞ்சம். கடற்காற்று படும் வீட்டில் பின்பக்க ஆணிகள் சீக்கிரம் கறள் பிடிக்கும், துடைத்து வையுங்கள். பட்டைக்குக் கீழே சிலிக்கோன் எண்ணெய்தான் விட வேண்டும். தேங்காய் எண்ணெய், தையல் மெசின் எண்ணெய் வேண்டாம். பட்டை ஒரு பக்கம் இழுத்தால் பின்னால் உள்ள ஆணியைக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஓட விட்டுப் பார்க்க வேண்டும். நான் பொறுமையில்லாமல் ஒரு முழுச் சுற்று திருப்பி, பட்டை ஓரம் கிழிந்து, நிந்தவூரில் இரண்டு கிழமை நின்றேன். சிவப்புச் சாவியின் கயிற்றை உடுப்பில் கொழுவாமல் ஏறக்கூடாது. சேலையோ சால்வையோ தொங்கக்கூடாது. சீனிக் குளிசை பாவிப்பவர்கள் சாப்பிடாமல் ஏறவேண்டாம், சீனி இறங்கினால் வாயில் போடப் பக்கத்தில் இரண்டு டொபி வையுங்கள். வெறுங்காலில் ஒருநாளும் வேண்டாம், இறங்கியதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்தேன். மீற்றரைப் பார்த்தால் அரை மணிக்கு அரை அலகுக்கும் குறைவாகத்தான் போகிறது. கரண்ட் போனால் பட்டை சட்டென்று நிற்கும், அதற்காகக் கம்பி எப்போதும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில். திருக்கோவிலில் இவர் கதிரையை விட்டு எழுந்து கும்பிட்டார். கோமாரிப் பக்கம் யானை வரும், இரவில் லைட்டை அணைத்து நிறுத்தியிருக்கிறேன் என்று அரை மணி முழுக்க ஒரே யானைக் கதை. பொத்துவிலில் ஏ4 மேற்கே மொனராகலைப் பக்கம் திரும்பும். நாங்கள் நேரே அறுகம்பைக்கு. பாணமை வரைக்கும் இவர் பஸ் ஓட்டியிருக்கிறார். இன்று அதையும் தாண்டியாகிவிட்டது. உகந்தைக்கு இவர் கோயிலுக்கு என்று இரண்டு தரம் வானில் போயிருக்கிறார், அவ்வளவுதான். அங்கிருந்து குமணக் காடு. கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதை, அதுவும் ஆடித் திருவிழாவை ஒட்டிச் சில நாட்கள்தான் யாத்திரிகர்களுக்குத் திறப்பார்கள். திறக்காத பாதையில் பட்டையிலும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதுவரை உகந்தை முருகன் வாசலில் நின்றுகொண்டு குடும்பிமலையில் மிச்சத்தை ஏறுவேன்.

இவர் புதுக் கொப்பி ஒன்று வாங்கி வந்து, தானே கோடு போட்டு, பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறார். இனி நான் சொல்ல, அவர் எழுத வேண்டும். குமண, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு. காய்ந்த ஆற்று மணலில் கையால் தோண்டி ஊறிய தண்ணீரைச் சிரட்டையில் அள்ளிக் குடித்ததைச் சொன்னேன். இரவில் சுற்றிவர நெருப்பு மூட்டி நடுவில் பிள்ளைகளைப் படுக்க வைத்ததைச் சொன்னேன்.

"கும்புக்கன் ஆத்தில எவ்வளவு தண்ணி?" என்று கேட்டார்.

எனக்கு முழங்காலுக்கு மேலே. அம்மம்மாவுக்கு இடுப்பு. அப்படியே எழுதிக்கொண்டார்.